செத்த நேரம்

எங்கள் வீட்டில் ஒரு சொல்லுக்குத் தடை இருந்தது. தடை போட்டவர் என் மாமியார். தடைக்குக் காரணமானவள், இடுப்பெலும்பு உடைந்து கிடந்த அவரைப் பார்த்துக்கொள்ள வந்த பெண். அவள் பெயரை நான் எழுதப்போவதில்லை. எழுதினால் கூச்சப்படுவாள். அவள் கூச்சப்பட்டு முடிப்பதற்குள் பொழுது சாய்ந்துவிடும்.

வந்த அன்றே ஆரம்பித்தது. அத்தையைச் சாப்பிட வைத்து, வாயைத் துடைத்து, தலையணையைத் தட்டிப் போட்டுவிட்டு, ரொம்பப் பணிவாக, "அப்பத்தா, செத்த படுங்க" என்றாள்.

அத்தைக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "இன்னாடி சொன்ன? செத்துப் படுக்கணுமா நானு? வந்த அன்னிக்கே வாய வெக்கிறியே!"

அந்தப் பெண்ணுக்கு ஒன்றும் புரியவில்லை. அவள் புதுக்கோட்டைப் பக்கத்துக்காரி. அவர்கள் ஊரில் 'செத்த' என்றால் கொஞ்ச நேரம். செத்த இருங்க, செத்த நில்லுங்க என்று வாய்க்கு வாய் சொல்வார்கள். எங்கள் வடக்குப்பட்டில் அந்தச் சொல்லுக்கு ஒரே அர்த்தம்தான். அதுவும், எழுபதைத் தாண்டி, இடுப்பில் பிளேட் வைத்துப் படுத்திருக்கிறவரிடம் போய்ச் சொன்னால் கேட்கவே வேண்டாம். "இந்த வூட்ல இனிமே அந்தப் பேச்சே வரக் கூடாது" என்று அத்தை தீர்ப்புச் சொல்லிவிட்டார். சொன்ன கையோடு, தண்ணீர் கொண்டுவரத் தாமதித்த தன் மகனை "சாவு கிராக்கி" என்று திட்டினார். அதற்குத் தடை கிடையாது. அது எங்கள் ஊர்ச் சொல்.

பாவம், அவளும் மாற்றிப் பேசத்தான் பார்த்தாள். நாக்கில் 'செ' வந்ததும் கடித்துக்கொண்டு, "செ... கொஞ்சம் இருங்க" என்பாள். கொஞ்ச நாளில் அது 'செகொஞ்சம்' என்று ஒரே வார்த்தையாகிவிட்டது. என் வீட்டுக்காரர் கூட ஒரு நாள், "செகொஞ்சம் சாம்பார் ஊத்து" என்று என்னிடம் கேட்டார்.

நான் ஒரகடத்தில் ஒரு உதிரிபாகக் கம்பெனியில் லைன் லீடர். ஆபரேட்டராகச் சேர்ந்து, பல வருடம் நின்றபடியே வேலை செய்து, இந்த இடத்துக்கு வந்தேன். என் வேலையே வேகம்தான். யார் கை தாமதிக்கிறது, எங்கே பீஸ் தேங்குகிறது என்று பார்த்துப் பார்த்து, வீட்டுக்கு வந்தாலும் கண் அதையேதான் தேடும். அப்படிப்பட்டவள் வீட்டுக்கு வந்து சேர்ந்தாள் பாருங்கள், ஒருத்தி!

அவளுக்கு எல்லாமே ஆற அமரத்தான். குக்கரில் விசில் அடங்கி, ஆவி அடங்கி, அதற்கப்புறமும் அதன் முன்னால் நிற்பாள். "சூடா இருக்குக்கா, ஆறட்டும்" என்பாள். டீ ஆறட்டும், சோறு ஆறட்டும், அப்பத்தா கோபம் ஆறட்டும். சுங்குவார்சத்திரத்தில் அவள் அறை. அங்கிருந்து வருகிற ஷேர் ஆட்டோவில் கூட்டமாக இருந்தால் விட்டுவிடுவாள். அடுத்ததிலும் கூட்டமாக இருந்தால் அதையும் விட்டுவிடுவாள். இந்தப் பக்கத்தில் கூட்டமில்லாத ஷேர் ஆட்டோவை யாராவது பார்த்திருக்கிறார்களா?

அவளும் முதலில் லைனில்தான் இருந்திருக்கிறாள், ஒரு எலெக்ட்ரானிக்ஸ் கம்பெனியில். திருகாணி முடுக்குகிற வேலை. ஏன் விட்டாய் என்று கேட்டேன்.

"எனக்கு முன்னாடி பீஸு குமிஞ்சு போகும்க்கா. லீடரு வந்து கத்துவாரு. கத்துனா எனக்குக் கை ஓடாது. இன்னும் குமிஞ்சு போகும்."

"அப்புறம்?"

"போயிட்டு வாம்மான்னுட்டாங்க." இதைச் சொல்லும்போது சிரித்தாள். நானாக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பேன் என்று நினைத்துக்கொண்டேன். பிறகு ஏதோ ஒரு ஏஜென்சியில் முதியவர்களைப் பார்த்துக்கொள்ளப் பயிற்சி எடுத்து, எங்கள் வீட்டுக்கு வந்திருந்தாள்.

அவள் மதியத்துக்கு மேல்தான் வருவாள். காலையில் வருகிறவர் வேறு. வல்லக்கோட்டையிலிருந்து வருவார், அறுபது வயதுக்கு மேல். அத்தைக்குச் சில வயது இளையவர், அவ்வளவுதான். அவருக்கும் இவளுக்கும் ஏணி வைத்தாலும் எட்டாது. வல்லக்கோட்டை அம்மா எப்போதும் காலில் வெந்நீர் ஊற்றிக்கொண்டுதான் வருவார். வாசலில் செருப்பு விழும் சத்தம் கேட்கும். அடுத்து பாத்ரூமில் வாளிச் சத்தம் கேட்கும். அத்தையை ஒரே தூக்கில் தூக்கி நாற்காலியில் வைத்து, குளிப்பாட்டி, பவுடர் போட்டு, ஊர்க்கதை எல்லாம் சொல்லி முடித்துவிட்டு, நான் டிபன் பாக்ஸை மூடுவதற்குள் அடுத்த வேலைக்குப் போய்விடுவார். வயதுதான் அறுபது, உடம்பு அவருக்கு இரும்பு. அத்தைக்கும் அவரை ரொம்பப் பிடிக்கும். தூக்கி வைத்தால் யாருக்குத்தான் பிடிக்காது?

சிக்கலே அந்தத் தூக்குதலில்தான். ஆபரேஷன் செய்த டாக்டர் தெளிவாகச் சொல்லியிருந்தார். "எலும்பு கூடிடுச்சு. இனிமே அவங்களா எழுந்து நிக்கணும். இப்ப நிக்கலேன்னா, அப்புறம் படுக்கைதான்." பயிற்சி சொல்லிக்கொடுக்க வந்த பிசியோ தம்பியும் அதையே சொன்னார். "தூக்காதீங்க. பிடிச்சுக்க ஒரு கை இருந்தா போதும்."

அத்தை நிற்க மறுத்துவிட்டார். குளியலறை வாசலில் வழுக்கி விழுந்த பயம் அவரை விட்டுப் போகவே இல்லை. காலைக் கீழே வைத்ததும், "தர இழுக்குதுடி" என்று கட்டிலைப் பிடித்துக்கொள்வார். கம்பெனியில் எனக்கு இருந்த லீவெல்லாம் தீர்ந்துவிட்டது. இரண்டு ஆட்களை வைத்து எத்தனை காலம் ஓட்ட முடியும்? மேனேஜர் கூப்பிட்டு, நல்ல மாதிரியாகவே, "ஒரு முடிவு பண்ணும்மா" என்றார். அத்தை எழுந்து நடந்தால் நான் வேலையில் இருப்பேன். நடக்காவிட்டால், அத்தனை வருடம் நின்று வாங்கிய அந்த இடத்தை விட்டுவிட்டு வீட்டில் உட்கார வேண்டும்.

இந்த நிலைமையில் அவள் என்ன செய்தாள் தெரியுமா? நின்றாள். தினமும் சாயங்காலம் டீ கொடுத்த பிறகு, கட்டிலுக்கு எதிரே போய், இரண்டு கைகளையும் நீட்டிக்கொண்டு நிற்பாள். அத்தையைத் தொட மாட்டாள், இழுக்க மாட்டாள். "வாங்க அப்பத்தா, நான் நிக்கிறேன்" என்பாள். அவ்வளவுதான்.

அத்தை சுவரைப் பார்ப்பார். முட்டி வலி என்பார். தண்ணீர் கேட்பார், கொண்டுவந்து கொடுத்துவிட்டு மறுபடியும் வந்து நிற்பாள். டிவியில் நாடகம் ஆரம்பித்து, அதில் ஒரு மருமகள் அழுது முடித்து, விளம்பரமும் முடியும். கை அப்படியே நீண்டிருக்கும். நான் வேலை முடிந்து வந்து இதைப் பார்க்கும்போது எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

"இப்படி நின்னா ஆச்சா? கையப் புடிச்சு எழுப்பினா இன்னா?"

"அவங்களா குடுக்கட்டும்க்கா. இன்னிக்கு முன்னாடி குனிஞ்சு பார்த்தாங்க."

குனிந்து பார்த்ததெல்லாம் ஒரு முன்னேற்றமா? வேறு ஆள் கேட்கலாமா என்று நான் யோசித்தேன். வல்லக்கோட்டை அம்மாவிடம் சொன்னபோது அவர் தலையில் அடித்துக்கொண்டார். "அந்தப் பொண்ணு நல்ல பொண்ணுதாம்மா. ஆனா அது நின்னு, உங்க மாமியாரு எழுந்து, அதுக்குள்ள அடுத்த தீவாளி வந்துடும்."

பதறாத காரியம் சிதறாது என்பார்கள். அவள் தன் வாழ்நாளில் ஒரே ஒரு நாள் பதறினாள். அன்று எங்கள் குடும்பமே சிதறிப்போனது.

என் வீட்டுக்காரர் கம்பெனி பஸ் ஓட்டுகிறவர். அன்று சாயங்காலம், ஷிப்டு முடிந்த ஆட்களை ஏற்றிக்கொண்டிருந்தபோது அவருடைய போன் அடித்திருக்கிறது. இன்ஜின் சத்தம், ஏறுகிறவர்களின் இரைச்சல். நடுவில் அவள் குரல், அழுகையும் மூச்சிரைப்புமாக: "அண்ணே! அப்பத்தா செத்த..." பிறகு ஒரு கரகரப்பு. அதற்குப் பின் "...ட்டாங்கண்ணே!" போன் வைக்கப்பட்டுவிட்டது.

அவர் திரும்ப அடித்தார். மணி போய்க்கொண்டே இருந்தது, யாரும் எடுக்கவில்லை. மறுபடியும் அடித்தார். பிறகு ஸ்டியரிங் மேல் தலையை வைத்துக்கொண்டார். பஸ்ஸில் இருந்தவர்கள் தண்ணீர் கொடுத்து, இறக்கி உட்கார வைத்து, வேறு டிரைவரை வரவழைத்தார்களாம்.

லைனுக்குள் நாங்கள் போன் வைத்துக்கொள்ளக் கூடாது. அதனால் செய்தி ஆபீஸுக்கு வந்து, மேனேஜர் நேரில் வந்தார். "கொஞ்சம் வெளிய வாம்மா" என்று அவர் சொன்ன விதத்திலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. கம்பெனி ஜீப்பில் அனுப்பி வைத்தார்கள். முதலில் எனக்கு அழுகை வரவில்லை. அத்தைக்கு மூச்சு முட்டியிருக்கும், இவள் ஆற அமர எழுந்து போயிருப்பாள் என்று நினைத்தேன். அவளை என்னென்னவோ திட்டினேன். பிறகு, காலையில் அத்தை என்னிடம் முள்ளங்கி சாம்பார் கேட்டதும், நாளைக்கு வைக்கிறேன் என்று நான் சொல்லிவிட்டு வந்ததும் நினைவுக்கு வந்தன. அப்போதுதான் அழுதேன். தினம் என்னோடு சண்டை போடுகிற மனுஷிதான். ஆனாலும் என் மாமியார் இல்லாத வீட்டை நான் அதுவரை யோசித்துப் பார்த்ததே இல்லை.

வீட்டு வாசலில் ஜீப் நின்றபோது, எதிரில் ஒரு ஆட்டோவும் வந்து நின்றது. வல்லக்கோட்டை அம்மா. என் வீட்டுக்காரர் அவருக்கும் போன் செய்திருக்கிறார். எப்போதும் எல்லோருக்கும் முன்னால் நிற்கிறவர் அல்லவா? கையில் பெரிய மாலை, ரோஜாவும் சாமந்தியும் வைத்துக் கட்டியது. என்னைக் கட்டிக்கொண்டு, "போயிடுச்சாம்மா, என் ராஜாத்தி" என்று விம்மினார். இருவரும் உள்ளே ஓடினோம்.

அத்தை நாற்காலியில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார்.

எதிரில் அந்தப் பெண், கையில் வாக்கரைப் பிடித்துக்கொண்டு, முகமெல்லாம் வியர்வையும் சிரிப்புமாக நின்றாள். "அக்கா! அண்ணன் சொன்னாங்களா? அப்பத்தா தானா எந்திரிச்சு செத்த நின்னுட்டாங்கக்கா! நான் புடிக்கவே இல்ல!"

செத்த நின்னுட்டாங்க. அந்த 'நின்னு'தான் இன்ஜின் சத்தத்தில் போய்விட்டது. பிறகு மணி அடித்தபோது ஏன் எடுக்கவில்லை? அத்தை இன்னொரு தரம் எழுந்து நிற்கப் பார்த்திருக்கிறார். எதிரே கை நீட்டி நிற்கிறவள், போன் எடுக்கவா போவாள்? அடித்து ஓயட்டும் என்று விட்டுவிட்டாள்.

அத்தை எங்கள் இருவரையும் மேலும் கீழும் பார்த்தார். பார்வை மாலையில் போய் நின்றது.

"யாருக்குடி மால?"

நான் மாலைக்கு முன்னால் போய் மறைத்து நின்றேன். ஆனால் வல்லக்கோட்டை அம்மா இருக்கிறாரே, அவருக்கு யோசிப்பதற்கெல்லாம் நேரமே தேவையில்லை. கண்ணைத் துடைத்த கையாலேயே மாலையை விரித்து, "உனக்குத்தான்க்கா! எழுந்து நின்னுட்டியாமே!" என்று அத்தையின் கழுத்தில் போட்டுவிட்டார்.

அத்தை மாலையோடு மீதி டீயைக் குடித்தார். என் வீட்டுக்காரர் வந்து, வாசலிலேயே அப்படியே தரையில் உட்கார்ந்து, ஓவென்று அழுதார். அவர் சேதி சொல்லியிருந்த உறவுக்காரர்களில் பாதிப் பேரை வழியிலேயே திருப்பி அனுப்பிவிட்டோம். வாலாஜாபாத்திலிருந்து கிளம்பிய ஒரு வேன் மட்டும் வந்தே விட்டது. ஒப்பாரி வைத்துக்கொண்டு இறங்கியவர்கள், மாலையும் கழுத்துமாக உட்கார்ந்திருந்த அத்தையைப் பார்த்து ஒப்பாரியைப் பாதியில் நிறுத்தினார்கள். அந்தப் பெண்தான் எல்லோருக்கும் டீ போட்டாள். அது வருவதற்குள் அவர்களுக்கு அதிர்ச்சியும் தெளிந்துவிட்டது.

அன்று என் மனதிலிருந்து இறங்கிய பாரத்தை எப்படிச் சொல்வது? செத்துப்போனதாக அழுத மாமியார் உயிரோடு இருந்ததோடு, எழுந்தும் நின்றிருந்தார். ஒரே சாயங்காலத்தில் இரண்டும் கிடைத்தன. மறுநாள் முள்ளங்கி சாம்பார் வைத்தேன்.

நடந்தது என்னவென்று தெரிந்ததும் அவள்தான் தேம்பித் தேம்பி அழுதாள். "இனிமே கொஞ்சம்னே சொல்றேண்ணே" என்று என் வீட்டுக்காரரிடம் மன்னிப்புக் கேட்டாள். அத்தை குறுக்கே வந்து மகனிடம் சொன்னார்.

"நீ சும்மா கெட. செத்துட்டதா சேதி போனா ஆயுசு கெட்டின்னுவாங்க. அவ வாய்ல வர்றது வரட்டும். நான் சொல்ல மாட்டேன், அவ சொல்லட்டும்." பிறகு வல்லக்கோட்டை அம்மாவின் பக்கம் திரும்பினார். "அது சாவு மாலன்னு எனக்குத் தெரியாதாடி? ரோஜா வாசன நல்லா இருந்துது, போனாப் போவுதுன்னு வாங்கிக்கினேன்."

அப்புறம் அத்தை ஒவ்வொரு அடியாக எடுத்து வைக்க ஆரம்பித்தார். முதலில் கட்டிலிலிருந்து நாற்காலி, பிறகு சமையலறை, பிறகு அவரை விழவைத்த அதே குளியலறை. அவள் அத்தையைப் பார்த்தபடியே பின்னோக்கி நடந்து போவாள், நீட்டிய கையோடு. வல்லக்கோட்டை அம்மாவும் தூக்குவதை நிறுத்திவிட்டார். "நானும் நின்னுதான் பாக்கறேனே" என்று கையை நீட்டுவார். ஆனால் ரொம்ப நேரம் நிற்க அவரால் முடியாது. நடுவில் ஓடிப்போய் இரண்டு பாத்திரம் கழுவிவிட்டு வருவார்.

அதற்கடுத்து ஒரு வேடிக்கை நடந்தது. அத்தைக்குத் திடீரென்று நடை குறைந்துவிட்டது. முட்டி பிடிக்குது என்றார், தலை சுத்துது என்றார். நான் பயந்துபோய் டாக்டருக்குப் போன் செய்யக் கிளம்பினேன். அதற்குள் ஒரு நாள் சீக்கிரமாக வீட்டுக்கு வந்த நான் ஜன்னல் வழியாகப் பார்த்தேன். அத்தை தன்னந்தனியாக, வாக்கர்கூட இல்லாமல், சமையலறைக்குப் போய் வெல்லம் எடுத்து வாயில் போட்டுக்கொண்டு திரும்பி வந்தார். அந்தப் பெண் கேட்டைத் திறக்கும் சத்தம் கேட்டதும் கட்டிலில் விழுந்து, "அம்மா, முட்டி" என்றார்.

எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. விஷயம் இதுதான். அத்தை நடந்துவிட்டால் அந்தப் பெண்ணுக்கு இங்கே வேலை இல்லை. ஏஜென்சி அவளை வேறு வீட்டுக்கு அனுப்பிவிடும். அதை யாரோ அத்தையின் காதில் போட்டிருக்கிறார்கள். அவளைப் போகவிடாமல் இருக்க, அத்தை தன் காலையே ஒளித்து வைத்துக்கொண்டார்.

எத்தனை நாள் ஒளிக்க முடியும்? டாக்டர் சிரித்துக்கொண்டே, நன்றாக இருக்கிறீர்கள் என்று அனுப்பிவிட்டார். ஏஜென்சியும் அவளுக்குப் படப்பை பக்கத்தில் ஒரு வீடு பார்த்துவிட்டது. அங்கே பக்கவாதம் வந்த ஒரு வாத்தியார் இருக்கிறாராம். கடைசி நாள் சாயங்காலம் அவள் விடைபெறப் போனபோது அத்தை சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டார். "போறவ போ. என்னால எழுந்திரிக்க முடியல."

அவள் கட்டிலருகே வழக்கம்போல நின்றாள், ரொம்ப நேரம். அத்தை திரும்பவே இல்லை. கடைசியில் காலைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டு வந்தாள். நான் அவள் பையைத் தூக்கிக்கொண்டு தெருமுனை வரைக்கும் போனேன். ஷேர் ஆட்டோ வந்தது, வழக்கமான கூட்டத்தோடு. விட்டுவிடுவாள் என்றுதான் நினைத்தேன். அன்றைக்குப் பார்த்து, இடித்துக்கொண்டு ஏறி உட்கார்ந்துவிட்டாள்.

டிரைவர் கியர் போடும்போது, பின்னாலிருந்து தெருவே அதிர ஒரு குரல் கேட்டது.

"டேய், ஆட்டோ! செத்த நில்லுடா!"

டிரைவர் நம்மூர்ப் பையன். இன்ஜினை அணைத்துவிட்டுத் தலையை வெளியே நீட்டினான். "இன்னா ஆயா, யாரு செத்தது?"

"யாரும் சாவலடா, சாவு கிராக்கி! நான் நடந்து வர்றேன், செத்த நில்லு!"

கேட்டைத் தாண்டி, தெருவில், வாக்கரைத் தள்ளிக்கொண்டு என் மாமியார் வந்துகொண்டிருந்தார். விழுந்த பிறகு அன்றுதான் அவர் தெருவில் கால் வைக்கிறார். நான் ஓடிப்போய்ப் பிடிக்கப் பார்த்தேன். ஆனால் அவள் ஆட்டோவிலிருந்து இறங்கிவிட்டாள். இறங்கினாளே தவிர, ஓர் அடி கூட எதிரே போகவில்லை. நின்ற இடத்தில் நின்று, கண்ணில் நீர் வழிய, இரண்டு கைகளையும் நீட்டினாள். நானும் நின்றுவிட்டேன்.

ஆட்டோவுக்குள் ஒருவன் கழுத்தில் அடையாள அட்டையோடு நெளிந்தான். "அண்ணா, ஷிப்டுக்கு லேட்டாவுது, எடுங்கண்ணா."

டிரைவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"செத்த இருப்பா. ஆயா வரட்டும்."